பங்களாப் பக்கத்துக் கம்பி

1. கம்பத்தடியில்

கை வைப்பதற்கு முன்னால் பியதாச கம்பியைச் சோதித்துப் பார்த்தார். ஸ்டோர் பக்கத்துக் கம்பியில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், எரியவில்லை. பங்களாப் பக்கத்துக் கம்பியில் வைத்தார், அதிலும் எரியவில்லை. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண்ணால் பார்த்தேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும். பின்னால் இந்த விஷயத்தைப் பலர் பலவிதமாகப் பேசினார்கள்.

நான் அந்த நாளில் நமுனுகுலை மலைச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்காரத் தொரைமார் கப்பலேறி, கொழும்பிலிருந்து புதுத் தொரைமார், அதாவது தோட்ட மேலாளர்கள், வந்திருந்த காலம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார், விசிறி, சுவிட்ச் போர்டு எல்லாம் என் பொறுப்பு. ஸ்டோரிலிருந்து மேடேறிப் பெரிய பங்களாவுக்குப் போகும் லைனைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். ஆனால் கம்பத்தில் ஏறி லைனைத் தொடும் அதிகாரம் எனக்கு இல்லை. அதற்குப் பதுளை மின்சார டிப்போவிலிருந்து லைன்மேன் வரவேண்டும். எங்கள் பக்கம் வருகிறவர் பியதாச.

அவர் ஹாலிஎலைக்காரர். என்னைவிட நன்றாக மூத்தவர். பஜாரில் பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பியூஸ் கட்டையைக் கழற்றியதும் அதைப் போர்டுக்கு மேலே வைக்க விடமாட்டார். "அங்க வெச்சா யாராவது வந்து போட்டுடும் தம்பி. உங்க சட்டைப் பையில போடுங்க. அப்ப நீங்கதான் போடணும்" என்பார். பீங்கான் கட்டை கனம். சட்டைப் பை கிழியும். என் மனைவி தைத்துத் தைத்துச் சலித்துப்போனாள்.

அது மார்கழி மழைக்காலம். முதல் நாள் மாலை அடித்த காற்றில் ஒரு சவுக்கு மரம் சாய்ந்து, பங்களா லைன் மேல் விழுந்துவிட்டது. அந்த லைனில் இரண்டு கம்பிகள். கரண்ட் வரும் கம்பி அறுந்து போயிருந்தது. நியூட்ரல் கம்பி அறுபடாமல் தொய்ந்து நின்றது. ஸ்டோருக்குப் பாதகமில்லை, பங்களாவுக்கு மட்டும் கரண்ட் இல்லை. காலையில் மரத்தை வெட்டி இழுத்துப் போட்டோம். பஸ்ஸில் வந்து இறங்கிய பியதாச ஸ்டோரில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு என்னோடு மேலே நடந்தார்.

பங்களா லைனின் பியூஸ் கட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அவர் கேட்கத்தான் செய்தார்.

"பியூஸ் எடுத்தா?"

"எடுத்திட்டேன்ணே. இந்தா இருக்கு."

பையைத் தொட்டுப் பார்த்தார். ஏணியில் ஏறி டெஸ்ட் லேம்பை இரண்டு பக்கமும் வைத்தார். பெல்ட்டைக் கம்பத்தில் சுற்றி மாட்டினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பங்களா அங்கிருந்து தெரியாது. ஒரு மேட்டைத் தாண்டி, சைப்ரஸ் மர வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

2. கீழ் அடுப்பு

அந்தப் பங்களாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முன்பிருந்த வெள்ளைக்காரத் தொரை ஒருவர் தன் மனைவிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பங்களாவுக்கு அடியில் ஒரு அறை கட்டி அதில் ஒரு பர்னஸ் வைத்திருந்தார். டீசலில் எரிவது. மேலே அறைகளுக்குத் தகரக் குழாய்கள் போகும். விசிறி சுற்றினால் சூட்டுக்காற்று அந்தக் குழாய்கள் வழியாகப் போய், தரையோரம் உள்ள கம்பித் துவாரங்களில் வெளியே வரும். பங்களா ஆட்கள் அதைக் கீழ் அடுப்பு என்பார்கள். ஊவா மாகாணத்தில் அப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

கீழ் அடுப்புக்கு எண்ணெய் மட்டும் இருந்தால் போதாது. எண்ணெயைப் பீச்சும் பம்புக்கும் கரண்ட் வேண்டும், விசிறிக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் அடுப்பும் அணைந்துவிடும்.

வெள்ளைக்காரர் போன பிறகு அது துருப்பிடித்துக் கிடந்தது. புதுத் தொரையின் மகளுக்கு இழுப்பு நோய். நாலு வயது இருக்கும். மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசிலடிப்பது போல் சத்தம் கேட்கும். விறகுக் கணப்பு மூட்டினால் புகையில் இன்னும் மோசமாகும். அதனால் தொரை என்னைக் கூப்பிட்டுக் கீழ் அடுப்பைச் சரிசெய்யச் சொன்னார். விசிறி மோட்டாருக்குப் பதுளையில் புதுக் கம்பி சுற்றி வாங்கி வந்தேன். அடுப்பு எரிந்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஓரளவு தேறியது என்று பங்களா அப்பு வீரமுத்து சொன்னான். அப்பு என்றால் சமையலும் வீட்டு வேலையும் பார்ப்பவன். வீரமுத்துதான் அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவான்.

வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கியிருந்த சமயம் அது. கரண்ட் போகும்போதெல்லாம் அடுப்பு நின்றுவிடுகிறதே என்று தொரை கொழும்பிலிருந்து ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி வந்திருக்கிறார். ஒரு ஆள் தூக்கிவிடலாம். அது நேராகப் பங்களாவுக்குப் போனது. ஸ்டோருக்கு வரவில்லை. அப்படி ஒன்று வந்ததே எனக்குத் தெரியாது.

ஜெனரேட்டரை வீட்டோடு இணைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று ஒன்று வைக்க வேண்டும். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வெளி லைன், மறு பக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. அங்கே அது இல்லை. விற்ற கடையில் ஒரு வயரைக் கொடுத்திருக்கிறார்கள். அதன் இரண்டு நுனியிலும் ஊசி பிளக். ஒரு நுனியை ஜெனரேட்டரில் சொருகி, மற்றதைச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் சொருகினால் வீடு முழுவதற்கும் கரண்ட் வரும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்காவிட்டால் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி, கம்பத்துக்கும் வரும்.

3. காற்று நின்றபோது

பியதாச ஸ்டோர் பக்கத்து நுனியைச் சரிசெய்யவே கால் மணிக்கு மேல் ஆனது. பிறகு அறுந்த கம்பியின் பங்களாப் பக்கத்து நுனியைக் கையில் எடுத்து, சேர்ப்பதற்காக இழுத்தார். தோள் நியூட்ரல் கம்பியில் சாய்ந்திருந்தது. "தம்பி, அந்த..." என்றார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியாது. உடம்பு ஒருமுறை விறைத்தது. அப்படியே பெல்ட்டில் பின்னால் சாய்ந்து நின்றது. கை கம்பியை விடவில்லை.

நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டேன். அப்போது காற்று சற்று நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டபடபவென்று ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது.

ஏறியிருந்தால் நானும் போயிருப்பேன். இறங்கி ஓடினேன். தேயிலைச் செடிகளுக்குள் நேராக மேலே ஓடினேன். கால்சட்டை கிழிந்ததும் முழங்கால் கிழிந்ததும் பின்னால்தான் தெரிந்தது.

ஜெனரேட்டர் பங்களாவின் பின் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வயர் ஜன்னல் வழியாக உள்ளே போனது. நான் அதைத் தொடர்ந்து குசினிக்குள் போய்ச் சுவர் பிளக்கைப் பிடுங்கினேன். கீழ் அடுப்பு அணைந்து போகும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. வீடு கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

உள் அறையில் தொரையின் மனைவி, தொரைசாணி, தரையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைச் சூட்டுக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். பிள்ளையின் உதடு கறுத்திருந்தது. வீரமுத்து வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றான்.

"ஏன் நிப்பாட்டினீங்க?" என்றார் தொரைசாணி. "இப்பத்தான் பிள்ளைக்கு மூச்சு வருது."

"போஸ்டுல ஆள் இருக்குங்கம்மா."

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. வீரமுத்து புரிந்துகொண்டான். பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"யாருண்ணே?"

"பியதாச."

அவனும் என்னோடு ஓடிவந்தான். ஸ்டோரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கயிறு கட்டி இறக்கினோம். தேயிலைக் கூடைகளைக் கொட்டி, படங்குச் சாக்கை விரித்து, அதில் படுக்கவைத்தோம். நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். வாயில் ஊதிப் பார்த்தேன். தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். "எதுக்கும் பதுளைக்குக் கொண்டு போங்க" என்று பிறகு சொன்னார்.

4. லொறி

தொரை அன்று பண்டாரவளையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். கார் அவரிடம். தோட்டத்தில் இருந்தது கொழுந்து லொறி மட்டும்தான். அடுப்பு நின்றதும் பிள்ளைக்கு மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டது. அதையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஆகவே ஒரே லொறியில் போனோம். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் பிள்ளையோடு தொரைசாணி. பின்னால் பியதாச, நான், வீரமுத்து. தார்ப்பாயில் மழை கொட்டியது. பசறைப் பாதை வளைவுகளில் பியதாசவின் தலை ஆடாமல் நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். முன்னாலிருந்து பிள்ளை மூச்சுக்குத் திணறும் சத்தம் பலகை இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பாதி வழியில் வீரமுத்து பேசினான்.

"அம்மாதான் போடச் சொன்னாங்கண்ணே. ராத்திரி நல்லா இருந்த பாப்பாவுக்குக் காலையில இழுத்துக் கண்ணு மேல சொருகிருச்சு. தொரை ஒருநா எப்பிடிப் போடுறதுன்னு காட்டித் தந்தாரு. அதே மாதிரித்தான் போட்டேன்."

"மெயின் சுவிட்ச அணைக்கச் சொல்லலியா?"

"எதுண்ணே மெயின் சுவிட்ச்?"

இன்னொரு வளைவு வந்தது, நான் பியதாசவின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஒரு கதவுக்குள் கொண்டு போனார்கள். பியதாசவை இன்னொரு கதவுக்குள் கொண்டு போனார்கள். பிள்ளைக்கு ஊசி போட்டு, இரண்டாம் நாள் மூச்சு சீரானது.

5. நாற்காலி

அடுத்த நாள் தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "உட்காருங்க, சிவலிங்கம்" என்றார். அந்த ஆபீசில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

அவரும் தூங்காத முகத்தோடுதான் இருந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை. பயந்து போயிருந்தார்.

"மரண விசாரணையில உங்களத்தான் முதல்ல கேப்பாங்க" என்றார். "டிப்போவில என்ன சொல்றாங்கன்னு தெரியுமா? லைன்மேன் டெஸ்ட் பண்ணாம ஏறியிருப்பான்னு சொல்றாங்க. அவங்க ஆளப் பத்தி அவங்களே சொல்றாங்க."

"டெஸ்ட் பண்ணினாருங்க. நான் பாத்தேன்."

"இருக்கலாம். மழை. மேல பாத்துக்கிட்டு நின்னீங்க. கண்ணுக்குச் சரியாத் தெரியாது இல்லையா?"

தொரை நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பாருங்க. அவரு போயிட்டாரு. இனி யாரு என்ன சொன்னாலும் அவருக்கு ஒண்ணும் ஆகாது. டெஸ்ட் பண்ணாம ஏறினார்னா அது அவரு கவனக்குறைவு, அதோட முடிஞ்சுது. டெஸ்ட் பண்ணினார்னு சொன்னா, பொறகு கரண்ட் எங்கயிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. யாரு போட்டதுன்னு கேப்பாங்க. வீரமுத்துவ உள்ள போடுவாங்க. நாலு பிள்ளைக்காரன்."

"வீரமுத்து தானா போடலீங்க. அம்மா சொல்லித்தான்..."

"அவங்க பேரு இதுல வராது" என்றார் தொரை. குரலை உயர்த்தவில்லை. மேசையில் இருந்த பேனாவை எடுத்து, மூடி, மறுபடி திறந்தார். "போய் யோசிங்க."

அன்று மாலை வீரமுத்துவின் மனைவி ராக்கு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கொழுந்தெடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு இடுப்பிலேயே இருந்தது. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. வாசலில் நின்றபடி என் மனைவியைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணன ஒரு வார்த்த மாத்திச் சொல்லச் சொல்லுங்க மயினி. செத்தவரு நல்லவருதான். நானும் அவருக்கு டீ ஊத்திக் குடுத்திருக்கேன். ஆனா அவரு திரும்பி வரப்போறாரா? இவரு போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் போன பிறகு என் மனைவி சோறு போட்டாள். நான் பாதியில் எழுந்து கை கழுவினேன்.

6. விசாரணை

விசாரணை பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. பியதாசவின் மனைவி சோமாவதி வெள்ளைச் சேலையில் வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிப்போ ஆட்கள். எதிரே தொரை, வீரமுத்து, ஒரு பொலிஸ்காரர்.

என்னைக் கூப்பிடுமுன் டிப்போ மேலாளர் ஒருவர் பேசினார். தங்களுடைய ஆட்கள் எல்லோருக்கும் டெஸ்ட் லேம்ப் கொடுத்திருப்பதாகவும், அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்த மரணம் நடந்திருக்க வழியில்லை என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னபோது சோமாவதி தலையைக் குனிந்துகொண்டார். கவனக்குறைவால் செத்தான் என்று எழுதிவிட்டால் குடும்பத்துக்கு டிப்போ எதுவும் செய்யவேண்டியதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் நான் நினைத்தது அதையல்ல. என் பையைத் தொட்டுப் பார்த்த அந்தக் கையைத்தான் நினைத்தேன். அந்த மனிதரைக் கவனமில்லாதவர் என்று என் வாயால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். பியூஸ் என் பையில் இருந்தது. லேம்ப் இரண்டு பக்கமும் எரியவில்லை. அவர் பெல்ட் மாட்டி வேலை தொடங்கிய பிறகுதான் கரண்ட் வந்தது. நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு பக்கமும் ஊசி உள்ள பிளக். இதெல்லாவற்றையும் சொன்னேன்.

"ஜெனரேட்டரைப் போட்டது யார்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"நான் பாக்கலீங்க. லொறியில வரும்போது வீரமுத்து சொன்னான். பிள்ளைக்கு முடியாமப் போனதால அம்மா போடச் சொன்னாங்கன்னு சொன்னான்."

தொரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீரமுத்துவை எழுப்பினார்கள். உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நான் நம்பினேன். சொல்லியிருந்தால், நோயாளிப் பிள்ளையின் தாய் சொன்னதை வேலைக்காரன் செய்தான் என்று கதை முடிந்திருக்கும். யாரும் உள்ளே போயிருக்கமாட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தொரையையும் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லலீங்க" என்றான். "நானாத்தான் போட்டேன்."

"மெயின் சுவிட்சை அணைக்கும்படி உனக்குச் சொல்லப்பட்டதா?"

"தொரை சொன்னாருங்க. நான்தான் மறந்திட்டேன்."

மெயின் சுவிட்ச் எது என்று லொறியில் என்னைக் கேட்டவன் அவன்.

பொலிஸ்காரர் அவனை வெளியே கூட்டிப்போனார். நான் தாழ்வாரத்தில் நின்றேன். சோமாவதி என் பக்கத்தில் வந்தார். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். டிப்போவில் எல்லோரும் என் புருஷனைக் குறை சொன்னார்கள், அவருடைய சொந்த அண்ணனே குறை சொன்னான், இனி என் மகன் பெரியவனாகிக் கேட்டால் அப்பா பார்த்துவிட்டுத்தான் ஏறினார் என்று நான் சொல்லலாம் என்றார். என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எதிரே ராக்கு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோமாவதி போன பிறகு ராக்கு வந்தாள்.

"செத்தவங்க பேரக் காப்பாத்திட்டீங்க" என்றாள். "உசுரோட இருக்கவங்கள உள்ள போட்டுட்டீங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

7. பேர் வெட்டு

கோர்ட்டில் வழக்காகி வீரமுத்து சில மாதம் பதுளை மறியலில், அதாவது சிறையில், இருந்தான். அவன் வெளியே வருவதற்குள் தொரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. தொரைசாணியும் பிள்ளையும் விசாரணைக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மா ஒரு நாளும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேச விடவில்லையோ, பேச விரும்பவில்லையோ, எனக்குத் தெரியாது.

அடுத்து வந்த தொரைக்கு வீரமுத்து என்றால் ஆளைக் கொன்ற அப்பு. தோட்டத்துக் கணக்கில் அவன் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் விட்டுப் போக வேண்டும். ராக்குவின் பேரும் கூடவே போனது. நான் கணக்கப்பிள்ளையிடம் பேசினேன், சங்கத்துத் தலைவரிடம் பேசினேன். "கோர்ட்டுல அவனே ஒத்துக்கிட்டானே" என்றார்கள்.

போகிற அன்று வீரமுத்துவைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியிருக்கப் போகிறார்கள். ராக்கு பிள்ளைகளோடு தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவன் மட்டும் என்னிடம் வந்தான். மெலிந்திருந்தான். கோபமில்லை.

"ஏன்டா அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"பேர் வெட்டமாட்டோம், காம்பராவுல இருக்கலாம்னு தொரை சொன்னாருண்ணே. அவர் சொன்னாரு, அவர் போயிட்டாரு. வந்தவருக்கு என்ன தெரியும்?" பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா மேலயும் பழி போட மனசு வரல. அவங்க சொல்லாட்டியும் நான் போட்டிருப்பேன். பாப்பா செத்துப்போயிரும்னு நெனச்சேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஒண்ணு மட்டும்ணே" என்றான். "அன்னைக்குப் போஸ்டுல வேல நடக்குதுன்னு பங்களாவுக்கு யாரும் வந்து சொல்லல. மரம் வெட்டுற சத்தம் கேட்டுச்சு. விறகுக்கு வெட்டுறாங்கன்னு நெனச்சேன். ஆளு ஏறியிருக்குன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா, பாப்பாவத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடியிருப்பேன். ஜெனரேட்டரத் தொட்டிருக்கமாட்டேன்."

பஸ் கிளம்பியது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்தப் பக்கம் சண்டை வந்த காலத்தில் அங்கிருந்து வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

8. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

அந்த அடுத்த தொரை வந்த மாதமே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று வாங்கித் தந்தார். நானே பங்களாவில் பொருத்தினேன். பழைய வயரின் இரண்டு ஊசிப் பிளக்கையும் வெட்டி வயரைத் தனியாகக் கழற்றிப் போட்டேன். பொருத்துவதற்கு ஒரு காலை நேரம்கூடப் பிடிக்கவில்லை.

லைனில் வேலை செய்யும்போது பியூஸைக் கழற்றினால் மட்டும் போதாது. கை வைக்கிற இடத்துக்கு இரண்டு பக்கத்திலும் கம்பிகளை ஒன்றாகப் பிணைத்து, நிலத்துக்குள் இறங்கும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் ஜெனரேட்டர்தான் நின்றுபோயிருக்கும், மனிதன் பிழைத்திருப்பான். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதற்கான சங்கிலியை யாரும் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார்கள். இப்போது உங்களுக்கு எல்லாம் கொடுக்கிறார்கள். பாரமென்று வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. கரண்ட் இல்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு நோயாளி இருப்பார், விளக்குச் சூட்டில் வளரும் கோழிக்குஞ்சு இருக்கும், வெந்துகொண்டிருக்கும் பாண் ரொட்டி இருக்கும். அவர்கள் தங்கள் அவசரத்துக்கு ஏதாவது செய்வார்கள். பொறுப்பில்லாதவன் செய்கிற தவறைவிட, பிள்ளை சாகக் கிடக்கும் வீட்டில் நல்லவன் அவசரத்தில் செய்வதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

அந்த வருடத்துக்குப் பிறகு நான் வேலை செய்த எல்லாத் தோட்டங்களிலும், ஆள் கம்பத்தில் ஏறுமுன் லைனின் மறுமுனையில் இருக்கிற வீட்டுக்கு நானே நடந்து போய்க் கதவைத் தட்டினேன். "போஸ்டுல ஆள் ஏறுது. இன்னார் ஏறுறார். நான் வந்து சொல்ற வரைக்கும் எதையும் போடாதீங்க. வீட்டுல யாருக்காவது முடியலியா? இருந்தா இப்பவே சொல்லுங்க" என்று கேட்டேன். ஏறுகிறவரின் பேரையும் சொல்லிவிடுவேன். பேர் தெரிந்த ஆள் கம்பத்தில் இருக்கும்போது யாருக்கும் சுவிட்சில் கை போகாது.

சிலர் சிரித்தார்கள். சில பங்களாக்களில் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். போனேன். ஒரு தோட்டத்தில் அப்படித் தட்டியபோது, ஒரு அம்மா நெஞ்சுவலியோடு தனியாகப் படுத்திருந்தார். அவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கம்பம் மத்தியானம் வரை காத்திருந்தது.